பங்களா போக்கர்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் பார்த்தவங்க சொல்லுங்க

லாஸ்பேட்டையிலிருந்து:

என் சித்தி பையன் முன்னெல்லாம் போனில்தான் போக்கர் (பணம் வெச்சு ஆடுற சீட்டாட்டம்) ஆடுவான். 2025 ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்து பணம் கட்டி ஆடுற ஆப் எல்லாம் நின்னு போச்சு. இப்போ சனிக்கிழமை ஆனா ஈ.சி.ஆரில் ஏதோ பங்களாவுக்குக் கிளம்பிடுறான். "ஹோம் கேம்"னு பேரு. கேட்டா, "இது சூதாட்டமே இல்லண்ணே, திறமை ஆட்டம், கோர்ட்டே சொல்லிடுச்சு"ங்கிறான். சித்திக்கு விஷயம் தெரியாது. இந்த மாதிரி இடத்துக்குள்ள போய் வந்தவங்க இருந்தா, உள்ளே என்னதான் நடக்குதுன்னு எழுதுங்க.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

நான் ஆடினவன் இல்லை, சீட்டுப் போட்டவன். சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் டீலரா வேலை பார்த்தேன். சம்பளம்னு பெருசா கிடையாது, ஜெயிக்கிறவர் தள்ளிவிடுற டிப்ஸ்தான். அந்த ஆளுங்களே லீவு நாளில் புதுச்சேரிப் பக்கம் பங்களா எடுப்பாங்க, என்னையும் கூட்டிட்டு வருவாங்க. அதனால உங்க தம்பி போற இடம் எப்படி இருக்கும்னு ஓரளவு ஊகிக்க முடியுது.

இடம் எதுன்னு முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் லொகேஷன் வரும். தெரிஞ்சவர் யாராவது கை காட்டினாத்தான் கதவு திறக்கும். போனை வாசல்லயே வாங்கி வெச்சிடுவாங்க. மேஜை மேல ஒரு ரூபா நோட்டு இருக்காது, எல்லாம் சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலா வைக்கிற வில்லைங்க. காசு ஜிபேயில் போகும், குறிப்பில் "ரூம் வாடகை"ன்னு இருக்கும். பிரியாணி, சரக்கு எல்லாம் இலவசம். பாசத்துல கொடுக்கிறாங்கன்னு நினைச்சிடாதீங்க. ஆள் எழுந்து போகாம இருக்கணும், அவ்வளவுதான்.

ஆட்டம் நம்ம ரம்மி மாதிரி இல்லை. ஆளுக்கு ரெண்டு சீட்டு மூடித் தருவோம், நடுவுல அஞ்சு சீட்டு திறப்போம்: முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏறும். கையில ஒண்ணுமே இல்லாதவன்கூட மிரட்டி ஜெயிக்கலாம். இதுல திறமை இருக்கு, நான் இல்லைன்னு சொல்லவே மாட்டேன். ஆனா உங்க தம்பி பார்க்காதது டீலர் கை. ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் குவிஞ்ச சிப்ஸிலிருந்து அஞ்சு சதவீதத்தை உருவி ஓரத்துல இருக்கிற பெட்டியில போடுவோம். ரேக்னு பேரு. போடறவன் நான்கிறதால கணக்கு எனக்கு மனப்பாடம்.

எட்டு பேர், ஆளுக்கு 10,000. மேஜையில மொத்தம் 80,000. மணிக்கு 25 ஆட்டம் ஓடும். ஒரு ஆட்டத்துல சராசரியா 3,000 குவியுதுன்னு வைங்க, ரேக் 150. மணிக்கு 3,750. ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் 30,000 ரூபா பெட்டிக்குள்ள. எட்டு பேரும் ஒரே அளவு கெட்டிக்காரங்கன்னா ஆளுக்கு 3,750 போச்சு. அதுக்கு மேல திறமை இருக்கிறவனுக்குத்தான் லாபம்ங்கிற பேச்சே ஆரம்பிக்குது.

இன்னொண்ணு. எட்டு பேர்ல ரெண்டு பேர் "வீட்டு ஆளுங்க", அதாவது ஆட்டம் நடத்துற ரூம்காரரோட ஆளுங்க. மேஜை காத்தாடாம இருக்க அவர் பணத்துலயே ஆடுவாங்க. ஒருத்தனை ஒருத்தன் தெரியாத மாதிரி உட்காருவாங்க. நடுவுல உங்க தம்பி மாட்டினா ரெண்டு பக்கமும் பந்தயத்தை ஏத்திவிட்டே பிழிஞ்சிடுவாங்க. நான் இருந்த எல்லா ராத்திரியும் அப்படி நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். நடந்த ராத்திரி எனக்குத் தெரியும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். "கோர்ட்டே சொல்லிடுச்சு" என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், தம்பி.

செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர்களைப் பிடித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967 நவம்பரில் தீர்ப்பு. சீட்டை நினைவில் வைத்து அடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று அதில் பிரித்துச் சொன்னார்கள். எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே தீர்ப்பு, பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் எடுக்கிறார் என்று தெரிந்தால் குற்றம் நிற்கும் என்றும் சொல்கிறது. நெல்லிக்குப்பம் தம்பி சொன்ன பெட்டி எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே பாருங்கள்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது உண்மை. அது 2022ஆம் ஆண்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பற்றியது. பங்களா சூதாட்ட விடுதியா இல்லையா என்பதற்கு, தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால், 1930ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 2025 சட்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடினால் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதே இல்லை.

அத்துடன், ஜெயித்தவன் பணம் கேட்டு வழக்குப் போட முடியாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது. கடனை வசூலிக்கக் கோர்ட் இல்லை என்பதால்தான் வீட்டு வாசலுக்கு ஆள் வருகிறது.

பாகூரிலிருந்து:

பங்களா போற அளவுக்கு நமக்கு வசதி இல்லீங்க, எங்க ஊர்ல தென்னந்தோப்புதான் கிளப். வெட்டுச் சீட்டு, உள்ளே வெளியே, தீபாவளி பொங்கல்னா மூணு சீட்டு. எங்க எல்லைக்கோடு எப்படின்னா, கிழிஞ்ச பாய் மாதிரி: ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் கடலூர் மாவட்டம். ஆடுறவங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். இந்தப் பக்கம் ஜீப் வந்தா பாயைச் சுருட்டிக்கிட்டு வாய்க்காலைத் தாண்டிடுவாங்க. காவலுக்கு ஒரு சின்னப் பையன் ரோட்டோரம் நிப்பான், அவனுக்கு டீயும் நூறு ரூபாயும்.

ஒருதரம் ரெண்டு பக்கத்து போலீசும் ஒரே சாயங்காலம் வந்துட்டாங்க. தப்பிச்சு ஓடினவங்க தப்பிச்சாங்க, பைக்கெல்லாம் தோப்புலயே நின்னுச்சு. மறுநாள் அதைக் கேட்டு ஸ்டேஷன் போனவங்கதான் மாட்டினாங்க.

இந்த ஊர்க்காரங்களுக்குச் சூதாட்டம்னா பிடிக்காதுன்னும் சொல்ல முடியாது, பிடிக்கும்னும் சொல்ல முடியாது. 2022 ஜூன்ல சொகுசுக் கப்பல் வந்து புதுச்சேரி கடல்ல நின்னுச்சே, உள்ளே கேசினோ இருக்குன்னு எவ்வளவு எதிர்ப்பு! ஆளை இறக்க அனுமதி இல்லாமலே திரும்பிப் போச்சு. அந்தக் கப்பலைத் திட்டினதுல பாதிப் பேரை நான் தோப்புல பார்த்திருக்கேன்.

கடலூர் ஓ.டி.யிலிருந்து:

எல்லாரும் பயமுறுத்துறீங்க. நான் இப்பவும் ஆடுறேன். ரேக் கட்டியும் லாபத்துலதான் இருக்கேன். குடிக்க மாட்டேன், கடன்ல சிப்ஸ் வாங்க மாட்டேன், மோசமான சீட்டு வந்தா கீழே வெச்சிட்டு உட்கார்ந்திருப்பேன். பொறுமை இல்லாதவன் தோத்தா அதுக்கு ரூம்காரர் என்ன பண்ணுவார்? நெல்லிக்குப்பம் நண்பர் சொல்ற மாதிரி வீட்டு ஆளுங்க இருந்தாலும், கொஞ்ச நேரம் கவனிச்சா யார்னு தெரிஞ்சிடும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

அண்ணே, நீங்க ஜெயிக்கிறதை நம்புறேன். உங்களை மாதிரி ஆள் ஒருத்தர் எல்லா மேஜையிலும் இருப்பார். கடைசியா ஜெயிச்ச பணம் கைக்கு வந்துச்சா?

ஓ.டி.யிலிருந்து:

பாதி அனுப்பிட்டாங்க. மீதியை அடுத்த ஆட்டத்துக்கு வரும்போது சிப்ஸா வாங்கிக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

லாஸ்பேட்டையிலிருந்து:

என் தம்பிக்கும் அதே பதில்தான் வந்திருக்கு. அவனுக்கு 22,000 வரணுமாம், அதை வாங்கத்தான் இந்தச் சனிக்கிழமையும் போறானாம்.