பெட்டி ராபின்சன்: முட்டி மடங்காம எப்படி ரெண்டாவது தங்கம்?

மழைக்கால_மைதானம்:
என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்கூல்ல 100 மீட்டர் ஓடுவா. கணுக்கால்ல அடிபட்டு கட்டு போட்டிருக்கு, இந்த சீசன் போச்சுன்னு ஒரே அழுகை. அவளுக்குச் சொல்லலாம்னு தேடினப்போ பெட்டி ராபின்சன்னு ஒரு அமெரிக்க ஓட்டக்காரியோட பேரு கண்ணுல பட்டுச்சு. 1928 ஒலிம்பிக்ஸ்ல தங்கம், அப்புறம் விமான விபத்து, 1936ல மறுபடி தங்கம்னு போட்டிருக்கு, ஆனா முட்டி சரியா மடங்காதாம். அப்புறம் எப்படிங்க ஓடினாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, ராத்திரி அவகிட்ட கதையா சொல்லணும்.

பழைய_ஒலிம்பிக்ஸ்:
பாப்பாவுக்கு ரயில்லேர்ந்து ஆரம்பிங்க. சிகாகோ பக்கம் ரிவர்டேல்னு ஒரு ஊரு, 1911ல பிறந்தவங்க. ஸ்கூல் விட்டு வரும்போது ஸ்டேஷன்ல ரயில் வந்து நின்னுடுச்சு, இவங்க இன்னும் தூரத்துல வராங்க. உள்ள உட்கார்ந்திருந்த பயாலஜி வாத்தியார் சார்லஸ் பிரைஸ் இனி எங்க பிடிக்கப் போறான்னு நினைச்சா, பொண்ணு ஓடி வந்து ஏறிடுச்சு. அவரு ஓட்டப் பயிற்சியும் குடுக்கிறவரு, ஸ்கூல் வராண்டாவுலயே 50 கஜம் ஓட விட்டு டைம் எடுத்துட்டாரு. பொண்ணுங்களுக்குப் போட்டி நடக்குதுங்கறதே அதுவரைக்கும் அவங்களுக்குத் தெரியாது!

1928 மார்ச்ல முதல் போட்டி, ஜூலை 31 ஆம்ஸ்டர்டாம்ல ஒலிம்பிக் தங்கம், 12.2 செகண்ட், வயசு 16. பெண்களுக்குத் தடகளத்தை ஒலிம்பிக்ஸ்ல சேர்த்ததே அந்த வருஷம்தான், அதனால 100 மீட்டர்ல முதல் சாம்பியனே இவங்கதான்.

1931 ஜூன்ல சொந்தக்காரர் ஓட்டின சின்ன விமானத்துல போனாங்க, அது விழுந்துடுச்சு. காலும் கையும் முறிஞ்சு நினைவில்லாம கிடந்தவங்களைப் பார்த்த ஆளு, உயிர் போயிடுச்சுன்னே நினைச்சு கார் டிக்கியில வெச்சு கொண்டுபோனார்னு சொல்வாங்க. மாசக்கணக்கா வீல்சேர், ஒழுங்கா நடக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. 1932ல சொந்த நாட்டுலயே, லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒலிம்பிக்ஸ் நடந்தும் ஓட முடியல, எனக்கு அதுதான் ரொம்ப வலிக்கும்.

மூணாவது_லெக்:
முட்டி விஷயத்தை நான் சொல்றேன், காலேஜ்ல ரிலே ஓடினவன். 100 மீட்டர்ல ஒரு முட்டியைத் தரையில ஊனி, குனிஞ்சு கிளம்பணும். 1936ல ஸ்டார்டிங் பிளாக் (காலை ஊனித் தள்ளிக் கிளம்புற கட்டை) கூட கிடையாது, கரிச்சாம்பல் டிராக்ல குழி தோண்டி அதுல காலை வெச்சுதான் பாய்வாங்க. மடங்காத காலோட அப்படி உட்காரவே முடியாதுல்ல. ஆனா 4x100 ரிலேல, அதாவது நாலு பேர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடி பேட்டன்ங்கற குச்சியைக் கைமாத்துற பந்தயத்துல, முதல் ஆளுதான் குனியணும், மத்த மூணு பேரும் நின்ன வாக்குலயே கிளம்பலாம். அவங்க அந்த வழியைத்தான் பிடிச்சாங்க, பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல மூணாவது ஆளா ஓடினாங்க.

அது சும்மா இடம் இல்லீங்க. வளைவுல ஓடணும், பேட்டனை வாங்கவும் செய்யணும் குடுக்கவும் செய்யணும், கை நீட்டி திரும்பிப் பார்க்காம காத்திருக்கிறப்போ உள்ளங்கையில டப்புன்னு அடிக்கும் பாருங்க, அந்த நொடியில விரலை மூடலைன்னா நாலு பேரோட உழைப்பும் தரையில.

பழைய_ஒலிம்பிக்ஸ்:
ஜெர்மனிக்கு அதான் ஆச்சு. ஹீட்ஸ்ல (ஃபைனலுக்கு முந்தின தகுதிச் சுற்று) 46.4 செகண்ட்ல உலக சாதனை போட்ட டீம், ஃபைனல்ல முன்னாடி ஓடிட்டு இருந்தது, கடைசி கைமாத்துல பேட்டன் கீழ விழுந்துடுச்சு. பெட்டி, கடைசியா ஓடின ஹெலன் ஸ்டீஃபன்ஸ் கையில சரியா குடுத்தாங்க, அமெரிக்கா 46.9ல தங்கம். ஜெர்மனி விட்டதால கிடைச்சதுன்னு சிலர் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன், பேட்டனைக் கைமாத்துறதும் பந்தயம்தானே.

மழைக்கால_மைதானம்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க, ராத்திரியே சொல்லிட்டேன். ரிலேல நின்னுக்கிட்டே கிளம்பலாம்னதும் எழுந்து உட்கார்ந்துட்டா. இப்போ கட்டுப் போட்ட காலைத் தலகாணி மேல வெச்சுக்கிட்டு, கையைப் பின்னாடி நீட்டி, அவ தம்பிகிட்ட பூரிக்கட்டையை உள்ளங்கையில அடிக்கச் சொல்லிட்டு இருக்கா, இதுவரைக்கும் மூணு தடவை கட்டை கீழ விழுந்தாச்சு.