ஆக்சிஜனா, ஒட்சிசனா? ஒரே கட்டுரையில் இரு நாட்டுத் தமிழ்

வைகைக்கரை:
தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தமிழ்நாட்டவரும் ஈழத்தவரும் ஒரே கட்டுரையில் கை வைக்கிறோம். வேதியியல் ஓரிடத்தில், இரசாயனவியல் இன்னோரிடத்தில் என்று கலந்து கிடந்தால் படிக்கிற பிள்ளை குழம்பும். தமிழர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அந்தப் பாடநூல் சொல்லையே எல்லோரும் எழுதலாமே?

வல்லைவெளி:
அண்ணா, எங்கட பிள்ளைகளும் படிக்கிற பிள்ளைகள்தானே? நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஒட்சிசன், ஐதரசன், பௌதிகவியல். தலைப்பு எதுவாகவும் இருக்கட்டும். ஒட்சிசன் என்று தேடினாலும் வழிமாற்று இணைப்பு அந்தக் கட்டுரைக்கே கொண்டுபோய் விடட்டும், முதல் வரியில் இரண்டு சொல்லும் இருக்கட்டும்.
எனக்கு நொந்தது வேறு. முன்பு ஒரு தன்னார்வக் கலைச்சொல் குழுவில் இருந்தேன். நான் எழுதிய ஒட்சிசனை மாற்றிவிட்டு, ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்று குறிப்புப் போட்டார்கள். அது பிழையில்லை, எங்கள் பாடநூல் சொல். கேட்டிருந்தால் நானே மாற்றியிருப்பேன்.

வைகைக்கரை:
அப்போதே சொல்லியிருக்கலாமே? யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வல்லைவெளி:
மாற்றியவர் வயதில் மூத்தவர். எல்லோரும் பார்க்க ‘நீங்கள் செய்தது பிழை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பேசாமல் விலகிவிட்டேன்.

வைகைக்கரை:
அந்தத் தயக்கம் மதுரையிலும் உண்டு தம்பி. அதை இரு நாட்டு வேறுபாடு என்று சொல்லாதீர்கள்.

பனங்கீற்று:
இரண்டு ஊரிலும் உண்டு என்றால் விதி இன்னும் அவசியம். ஆங்கில விக்கிப்பீடியாவில் பிரிட்டன் எழுத்துக்கூட்டலா, அமெரிக்கருடையதா என்ற சண்டைக்கு எழுதிவைத்த வழி இருக்கிறது: ஒரு நாட்டோடு ஒட்டிய பொருள் என்றால் அந்நாட்டு வழக்கு, மற்றதெல்லாம் கட்டுரை எந்த வழக்கில் வளர்ந்ததோ அதுவே. இளையவர் விதியைக் காட்டினால் போதும், மூத்தவரோடு மோத வேண்டாம். சீன விக்கிப்பீடியா இன்னும் ஒரு படி மேலே: சீனா, தைவான், ஹாங்காங் வழக்குகளில் வாசகர் தேர்ந்தெடுப்பதற்கு ஏற்ப மென்பொருளே எழுத்தையும் சொல்லையும் மாற்றிக் காட்டுகிறது.

வைகைக்கரை:
சீனத்தில் சொல்லுக்கு விகுதி ஒட்டாது. இங்கே ஆக்சிஜனை, ஆக்சிஜனால், ஆக்சிஜனுக்கு என்று போகும். ‘பௌதிகவியலில்’ என்பதை மென்பொருள் ‘இயற்பியலில்’ என்று சரியாக மாற்றுமா? அதனால் ஒரு கட்டுரைக்குள் ஒரே சொல் என்பதை நான் விடமாட்டேன். ஆனால் எந்தச் சொல் என்பதை அந்தக் கட்டுரையைத் தொடங்கியவர் முடிவு செய்யட்டும், அதை ஏற்கிறேன். இன்னொரு நாட்டுப் பாடநூல் சொல்லுக்கு ‘எழுத்துப்பிழை’ என்று குறிப்பு எழுதுவது தப்பு. நானும் அப்படி எழுதியிருக்கிறேன், இன்றிரவு கட்டுரைகளில் நான் முன்பு செய்த திருத்தங்களைத் தேடிப் பார்க்கிறேன்.

வல்லைவெளி:
பட்டியல் கிடைத்தால் இங்கே போடுங்கள் அண்ணா. இலங்கைப் பாடநூல் சொற்களை நான் பக்கத்தில் எழுதித் தருகிறேன்.