உதவி: ஆக்சிலரேட்டர் கார்ட் போட்டால் திரை கறுப்பு

கோண்டாவில்_தம்பி:
அவசரம். என் பழைய கொம்பியூட்டரில், வேகத்தைக் கூட்டும் ஆக்சிலரேட்டர் கார்ட் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறது. கழற்றினால் பழையபடி ஓடுகிறது. லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்த கார்ட், அவர் திரும்பிப் போகமுதல் ஓடவைத்துக் காட்ட வேண்டும். ஆராவது சொல்லுங்கோ.

அச்சுவேலி_அண்ணை:
எந்தக் கொம்பியூட்டர் தம்பி? எந்தக் கார்ட்?

மானிப்பாய்_மணி:
லைட் எரிகிறதா? டிஸ்க் டிரைவ் டிக் டிக் என்று சத்தம் போடுகிறதா? சத்தம் இருந்தால் மெஷின் ஓடுகிறது, படம் மட்டும்தான் வரவில்லை.

கோண்டாவில்_தம்பி:
அமிகா 1200, கொமடோர் கம்பனியின் பழைய வீட்டுக் கொம்பியூட்டர். கார்ட் பிளிசார்ட் 1230, அதில் சிபியு (மூளைச் சிப்) 68030, 50 மெகாஹெர்ட்ஸ். லைட் எரிகிறது. சத்தம் இல்லை.

பழைய_போர்ட்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தரம் வந்துவிட்டது. 1200 வெளிவந்தது 1992இல். அதன் போர்டில் உள்ள சின்னக் கப்பாசிட்டர்கள் கசிந்து செம்புக் கோடுகளை அரிக்கும், நம் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். அவற்றை மாற்றாமல் கார்ட் செருகுகிறவர்கள் முதலில் அடிப்படையைப் படிக்க வேண்டும்.

அச்சுவேலி_அண்ணை:
கப்பாசிட்டரை எப்படியும் பார்க்கத்தான் வேணும். ஆனால் கார்ட் இல்லாமல் ஒழுங்காக ஓடுகிறதே, முதலில் கரண்டைப் பார்ப்போம். 1200இன் சொந்த பவர் சப்ளை 5 வோல்டில் 3 அம்பியர்தான் தரும். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா, அதுவும் இதிலிருந்துதான் கரண்ட் இழுக்கும்? கார்ட் போட்டபடி பிளாப்பி டிரைவுக்குப் போகும் 5 வோல்ட் வயரில் மல்டிமீட்டர் வை. 4.75க்குக் கீழே போனால் அதுதான் காரணம்.

மானிப்பாய்_மணி:
கார்ட் ஏறும் இடத்தில் அமிகா போர்டின் ஓரத்தில் உள்ள பற்களை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, கார்டைக் கடைசிவரை அழுத்திச் செருகிப் பாருங்கோ. அந்தக் கனெக்டர் நல்ல இறுக்கம். பிறகு விசைப்பலகையில் 2ஐ அழுத்திப் பிடித்தபடி ஒன் பண்ணுங்கோ, பிளிசார்ட் ஒதுங்கிவிடும். அப்போது எழும்பினால் போர்டில் பிழையில்லை.

வல்வை_பைட்:
ஏன் இந்தக் கரைச்சல்? ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டர் ஏறும் பைஸ்டோர்ம் கார்ட் ஒன்று வாங்கினால் 68030ஐவிடப் பல மடங்கு வேகம்.

பழைய_போர்ட்:
அது ஆக்சிலரேட்டர் இல்லை, எமுலேஷன், அதாவது மென்பொருள் பழைய சிப்பைப் போல நடிப்பது. பிறகு அமிகா எதற்கு?

வல்வை_பைட்:
எமுலேஷன் செய்வது சிபியுவை மட்டும். படமும் ஒலியும் அமிகாவின் சொந்தச் சிப்களில் இருந்துதான் வருகின்றன. 50 மெகாஹெர்ட்ஸ் 68030ஐ இண்டைக்கு யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் தேடுவது?

பழைய_போர்ட்:
தேடுவதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் அருமை இருக்கிறது.

மானிப்பாய்_மணி:
இரண்டு பேரும் வேறு இழை திறந்து கதையுங்கோ. தம்பி எங்கே?

கோண்டாவில்_தம்பி:
ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கார்ட்டோடு அளந்தேன், 4.5. டிஸ்க்கைக் கழற்றினேன், கார்ட்டோடேயே எழும்பிவிட்டது. நன்றி அண்ணை.

அச்சுவேலி_அண்ணை:
நல்லது. டிஸ்க்கும் வேணுமென்றால் அமிகா 500இன் கனமான பவர் சப்ளை தேடு, பிளக் அதேதான், 5 வோல்டில் 4 அம்பியருக்கு மேல் தரும். வேறு சப்ளையில் வயர் கட்டுவதென்றால் 5, 12, கழித்தல் 12 மூன்றும் வேணும். கழித்தல் 12 இல்லாவிட்டால் ஒலிக்குச் சிக்கல். இடம் மாறிக் கட்டினால் போர்ட் போய்விடும், அளந்து பார்க்காமல் செருகாதே.

மானிப்பாய்_மணி:
தம்பி, கார்டில் எத்தனை மெகாபைட் ராம்?