ஆவணமற்ற குடியேறிகளின் மருத்துவச் செலவை அமெரிக்க அரசு ஏற்கிறதா?

கேள்வி:
அமெரிக்காவில் உரிய ஆவணமின்றி வசிப்பவர்களுக்கு அரசு இலவச மருத்துவக் காப்பீடு தருகிறது என்று ஒரு சாராரும், ஒரு காசுகூடத் தருவதில்லை என்று மறுசாராரும் அடித்துச் சொல்கிறார்கள். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? அவ்வாறு செலவிடுவது முறைதானா?

பதில் 1:
இரண்டு கூற்றிலும் பாதி உண்மை உண்டு. கிளின்டன் ஆட்சியில், 1996இல் வந்த நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் இவர்களைக் கூட்டாட்சி அரசின் பெரும்பாலான உதவிகளிலிருந்து விலக்கிவிட்டது. ஒபாமா கொண்டுவந்த 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி அமைந்த அரசின் காப்பீட்டுச் சந்தையில், முழுத் தொகையையும் சொந்தப் பணத்தில் கட்ட முன்வந்தாலும் இவர்களால் காப்பீடு வாங்க இயலாது. இது பலரும் அறியாதது. ஆனால் 1986இல் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் எவராயினும், பணமோ குடியுரிமையோ பாராமல் பரிசோதித்து, உடல்நிலை சீராகும்வரை சிகிச்சை தர வேண்டும் என்கிறது. நோயாளிக்கு மற்றத் தகுதிகள் இருந்து, குடியேற்ற நிலை மட்டுமே தடையானால், அந்த அவசரச் செலவை, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் மருத்துவமனைக்குச் செலுத்துகிறது. அதில் பெரும்பகுதி பிரசவங்களுக்கே போகிறது; மெடிக்கெய்டின் மொத்தச் செலவில் இது 1 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. அதற்கு மேல் உதவ விரும்பும் மாநிலம் பெரும்பாலும் தன் சொந்த நிதியிலிருந்துதான் தர வேண்டும்.

பதில் 2:
அந்தச் சொந்த நிதிக்கும் எல்லை உண்டு. கலிபோர்னியா 2016இல் சிறுவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக விரித்து, 2024 ஜனவரியில் வருமானம் குறைந்த எல்லா வயதினருக்கும் முழுக் காப்பீடு அளித்தது. செலவு மதிப்பீட்டை மீறியது. 2026 ஜனவரி முதல் பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. இலினாய் மாநிலமும் 42 முதல் 64 வயதினருக்கான திட்டத்தை 2025இல் மூடிவிட்டது. கொடுத்துவிட்டுப் பறிப்பது கொடுக்காததைவிடக் கொடுமை என்பது என் கருத்து. மேலும், முறைப்படி பச்சை அட்டை (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) பெற்ற பெரியவர்களிலேயே பலர் கூட்டாட்சி மெடிக்கெய்டுக்கு 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று அதே 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கும்போது, அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 3:
பச்சை அட்டை பெற்றவர்களுக்கான அந்தக் காத்திருப்பும் நீக்கப்பட வேண்டியதே. அதைக் காட்டி இன்னொருவருக்கு மறுப்பது தீர்வாகாது. செலவு என்று வந்துவிட்டதால் சிறுநீரகச் செயலிழப்பைப் பாருங்கள். இந்நோயாளிகளுக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் செய்ய வேண்டும். பல மாநிலங்களில் ஆவணமற்றவர்களுக்கு அது அவசரச் சிகிச்சையாக மட்டுமே கிடைத்துவந்தது. அதாவது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்வரை, அல்லது ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறும்வரை காத்திருந்து, அவசரப் பிரிவுக்கு ஓடி, ஓரிரு முறை சுத்திகரிப்பு பெற்று வீடு திரும்பி, அடுத்த வாரம் மீண்டும் அதே நிலைக்கு வர வேண்டும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, சான் பிரான்சிஸ்கோவில் வழக்கமான டயாலிசிஸ் பெற்றவர்களோடு டென்வர், ஹூஸ்டன் நோயாளிகளை ஒப்பிட்டு, அவசர முறையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு 5 ஆண்டுகளில் மரண அபாயம் ஏறத்தாழ 14 மடங்கு இருந்ததைக் கண்டது. இத்தனை துன்பத்துக்குப் பின்னும் பணம் மிச்சமாவதில்லை. மருத்துவமனைப் படுக்கையும் அவசரப் பிரிவும்தான் ஆகச் செலவு பிடிக்கும் இடங்கள். கொலராடோ மாநிலம் 2019இல் சட்டமன்றத்தில் புதிய சட்டம் இயற்றாமலே, இந்நோயை அவசர நிலைக்கான விளக்கத்தில் சேர்த்து, வழக்கமான டயாலிசிஸுக்கு வழிசெய்தது.

பதில் 2:
டயாலிசிஸைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். எனினும் அது முழுக் காப்பீட்டுக்கான வாதமாகாது. தள்ளிப்போட்டால் உயிரும் பணமும் சேர்ந்து போகும் நோய்களை மட்டும் கொலராடோவைப் போல அவசர நிலைகளின் பட்டியலில் சேர்த்தால், அடுத்த பட்ஜெட் பற்றாக்குறையில் அதை நீக்க எந்த மாநிலமும் எளிதில் துணியாது.