புதுப்பிப்பு: மனம் விட்டுப் பேசாத கணவர் – தடைக்காலத்தில் கிடைத்த வழி

கடலுக்குப் போய்வரும் என் வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விடுகிறார், என்ன செய்வது என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கடிதம் எழுதிப் பார்த்தேன். படித்தார், மடித்து வைத்தார், அவ்வளவுதான். பலன் தந்தது, "எதிரே உட்கார்ந்து கேட்காதீங்க, கூட வேலை செய்யுங்க" என்று ஒரு அக்கா சொன்ன யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். அவர் கிழிந்த வலையைச் சரிசெய்யும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேள்வியே கேட்கவில்லை, என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 3 வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம், வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, போன வருஷம் நடுக்கடலில் இன்ஜின் நின்று ராத்திரி முழுக்கத் தவித்ததைச் சொன்னார். என்மேல் கோபம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது பயம்.

எதிர்பாராதது ஒன்று: கேட்டதும் நான் அழுதுவிட்டேன், அவர் மறுபடி 4 நாள் மௌனம். அடுத்த முறை அவர் சொன்னதை அழாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், சரியாகப் போனது.

இப்போது தொழிலுக்குப் போகிறார். நேற்று விடியற்காலை கரைக்கு வந்ததும், நான் கேட்காமலே, "ராத்திரி காத்து ரொம்ப மோசம்மா, பயந்துட்டேன்" என்றார்.