லாமெல்லாவுக்கு 'ஏடு' – டைட்டேனியம் அலுமினைடு கலைச்சொற்கள்

வணக்கம்.

டைட்டேனியமும் அலுமினியமும் சேர்ந்த உலோகச் சேர்மமான டைட்டேனியம் அலுமினைடின் உள்ளே, லாமெல்லா எனும் மிக மெல்லிய தட்டுகள் இணையாகக் கிடப்பதே லாமெல்லார் அமைப்பு. அதற்குத் தமிழில் 'அடுக்கமைப்பு' போதும் என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். வார்ப்பு டைட்டேனியம் அலுமினைடு மட்டும் என்றால் எனக்கும் சம்மதமே. முப்பரிமாண அச்சுக்கு வந்தால்தான் சிக்கல். கமேரியில் (இத்தாலி) ஜிஈ9எக்ஸ் விமான எஞ்சினுக்கு டர்பைன் அலகுகள் (பிளேடுகள்) அச்சிடுகிறார்களே, அந்த முறையில் எலக்ட்ரான் கற்றை உருக்கும் ஒவ்வொரு தூள் பரப்புக்கும் 'அடுக்கு' என்பதே பெயர். அதன் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். லாமெல்லாவோ பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தே தீரும். 48-2-2 கலவையைப் பாருங்கள்: அலுமினியம் 48, குரோமியம் 2, நையோபியம் 2 அணு விழுக்காடு, மீதி டைட்டேனியம். வெற்றிடத்தில் கற்றை படும்போது அலுமினியம் கொஞ்சம் ஆவியாகிறது, அதுவும் எங்கும் ஒரே அளவில் இல்லை. அலுமினியம் குறைந்த இடத்தில், முழுதும் ஆல்ஃபா எனும் படிக நிலைக்கு மாறும் வெப்பநிலையும் (மாறுநிலை) இறங்கிவிடும். அச்சிட்டதைச் சூடேற்றிப் பதனிடும் உலையை 1360 டிகிரி செல்சியசை ஒட்டி வைத்தால் ஓரிடம் முழு லாமெல்லாராகும். பக்கத்திலேயே, காமா எனும் இன்னொரு படிக நிலையின் மணிகள் மிஞ்சி நிற்கும். "அடுக்குக்குள் அடுக்கமைப்பு மாறுகிறது" என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

என் பரிந்துரை 'ஏடு'. பாலேடு, பனையேடு என்று மெல்லிய பரப்புக்கு நம்மிடம் புழங்கும் சொல். புணர்ச்சிக்கும் வளைந்துகொடுக்கிறது: ஏட்டமைப்பு, ஏட்டிடைவெளி. இணையாகக் கிடக்கும் ஏடுகளின் தொகுதிக்கு, அதாவது காலனிக்கு, 'சுவடி' என்றே வைக்கலாம். 'குடியிருப்பு' நுண்ணுயிரிக்காரர்களிடமே இருக்கட்டும். ஏட்டுச் சுரைக்காய்க் கிண்டல் வரும், தெரியும். 'தகடு' வேண்டாம், அது கடையில் வாங்கும் தகடு.

காமா மணிகளும் ஏடுகளும் கலந்த டூப்ளெக்ஸ் அமைப்புக்கு 'ஈரமைப்பு' (இரு + அமைப்பு) என்று வைத்து ஓட்டிப் பார்ப்போம்: "மாறுநிலைக்குக் கீழே பதனிட்டால் ஈரமைப்பு, அறை வெப்பநிலையில் நீட்சி சற்றுக் கூடும். மேலே பதனிட்டு ஆற்றினால் முழு ஏட்டமைப்பு. சூட்டில் நெடுநேரம் பளுவேற்றினாலும் எளிதில் நீளாது, விரிசலும் எளிதில் ஓடாது, ஆனால் அறை வெப்பநிலையில் நொறுங்கும் குணம் கூடும். விரைந்து ஆற்றினால் ஏட்டிடைவெளி நெருங்கும்." தடுக்காமல் போகிறது என்றே படுகிறது.

'வெப்பச் சிகிச்சை'யில் மருத்துவமனை வாடை. 'வெப்பப் பதனம்' போதும். நுண்துளைகளை அடைக்கும் அழுத்தப் பதனத்துக்கு 'வெப்பச் சமவழுத்தம்' என்பதில் எனக்கு மறுப்பில்லை.

பெரிய காமா மணிகள் வரிசையாகத் திரளும் பகுதிக்கு இப்போதைக்குக் 'காமாப் பட்டை' என்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.