மறு: ‘ஏலார் சின்ச்’ தையல்: தமிழ்ச்சொல் தேவை (நாளை அச்சுக்கு)

மொழிபெயர்ப்பாளர், அடையாறு:
வணக்கம். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு உள்ளவர்களின் மேல்தாடை அறுவைக்கான ஒப்புதல் படிவம் நாளை மாலை ராயப்பேட்டை அச்சகத்துக்குப் போகிறது. மூக்கு அகலாமல் இருக்கப் போடும் ‘ஏலார் சின்ச்’ (alar cinch) தையலின் பெயர் மட்டும் பாக்கி. ‘மூக்குச் சிறகு முடிச்சு’ என்று போட்டுப் பார்த்தேன், சகிக்கவில்லை.

முகத்தாடை அறுவை மருத்துவர்:
சிறகு வேண்டாம். காதுமடல் இருக்கும்போது மூக்குமடல் ஏன் கூடாது? செய்வது இதுதான்: பல்வேர்களுக்கு மேலே எலும்பை அறுத்து, தாடையை இறக்கி, முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகடு வைத்துத் திருகுகிறோம். அதற்காக மூக்கடித் தசைகளை எலும்பிலிருந்து உரிக்க வேண்டியிருக்கிறது. அப்படியே விட்டால் அவை வெளிப்பக்கம் ஒதுங்கி ஒட்டிக்கொள்ளும். மடல் அகலும், தாடை முன்னே வந்ததில் மூக்கு நுனியும் மேலே தூக்கும். எனவே வாய்க்குள்ளிருந்தே இரு மடல்களின் அடித்திசுவையும் ஊசியில் பிடித்து, நடுவே இழுத்து முடிகிறோம். தகடு பொருத்திய பிறகு, உள்சவ்வை மூடுவதற்கு முன்.

தமிழாசிரியர், மயிலாப்பூர்:
சின்ச் என்பது சேணத்தின் வயிற்றுவார். தமிழில் கச்சை. ‘கச்சைத் தையல்’ என்க. கட்டு, கச்சு, கச்சை எல்லாம் ஒரே வேர்.
நிற்க. படிவத்தில் ‘அன்னப்பிளவு’ என்று வந்துவிடாமல் பாருங்கள். எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலில் தொல்காப்பியர் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று வைத்திருக்கிறார். அண்ணம் வாயின் மேற்கூரை. அன்னம் சோறு, இல்லாவிட்டால் பறவை.

அகராதிக்காரர், தாம்பரம்:
> எல்லாம் ஒரே வேர்

கச்சைக்கு வடமொழி ‘கக்ஷ்யா’வைக் காட்டுவோரும் உண்டு, ஐயா. எந்தப் பக்கம் போனாலும் படிவம் நாளைக்கு வராது.

பேச்சுப் பயிற்சியாளர்:
பிறப்பியல் வந்ததால் சொல்கிறேன். தாடையோடு மெல்லண்ணமும் (அண்ணத்தின் பின்பக்க மென்பகுதி) முன்னே போகும். அது தொண்டையின் பின்சுவரை எட்டாவிட்டால் காற்று மூக்கில் கசிந்து, வல்லினம் மெல்லினச் சாயல் பெறும்; ‘பல்’ என்பது ‘மல்’ போலக் கேட்கும். ஏற்கெனவே அண்ணம் தைத்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். படிவத்தில் அந்த வரியே இல்லை, சேருங்கள்.
வண்ணாரப்பேட்டை அம்மா கேட்பது ‘மூக்கு அகலமா பூடுமா டாக்டர்?’ என்றுதான். கச்சை என்றால் சண்டைக்குக் கச்சை கட்டுவதாக நினைப்பார். ‘சுருக்குத் தையல்’ போதாதா? சுருக்குப்பை எல்லோருக்கும் தெரியும்.

முகத்தாடை அறுவை மருத்துவர்:
அந்தப் பெயர் வட்டமாக ஓட்டி வாயைச் சுருக்கும் தையலுக்கு வேண்டும். குடல்வால் அறுவையில் போடுவார்களே, அது. இங்கே வட்டம் கிடையாது, இரு முனைகள்தான்.
பிளவு உள்ளவர்களுக்கு அந்த இரு முனைகளும் சமமல்ல என்பதையும் எழுதுங்கள். பிளவுப் பக்க மடலடி பின்வாங்கி இருக்கும், மூக்கின் நடுச்சுவர் கோணியிருக்கும். தாடை முன்னே வந்தால் அந்தப் பக்கத்துக்கு எலும்புத் தாங்கல் கிடைப்பது லாபம். ஆனால் பழைய தழும்பில் நூல் சரியாகப் பிடிக்காது, அறுத்துக்கொண்டு வரும். இருபக்கமும் ஒரே அளவு இழுத்தால் கோணல் கூடும். மயக்கக் குழாய் மூக்கு வழியே போயிருப்பதால் மேசையில் பார்க்கும் அகலத்தையும் நம்ப முடியாது. முன்பே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மூக்கைச் சீராக்கும் அறுவையைக் குறைந்தது 6 மாதம் தள்ளிப்போடுவதும் இதனால்தான். 10 மி.மீ.க்கு மேல் நகர்த்துவதானால் ஒரேயடியாக இழுக்காமல், எலும்பைச் சிறிது சிறிதாக நீட்டும் முறையை யோசிப்போம்.

மொழிபெயர்ப்பாளர்:
‘மடலடி இறுக்குத் தையல்’?

அகராதிக்காரர்:
மடலடி பனைமரத்தை நினைவூட்டுகிறது. ‘மூக்கடி’ போடலாம்.

பேச்சுப் பயிற்சியாளர்:
மூக்கில் அடி என்று படிப்பார்கள்! ‘மூக்குமடல் இறுக்குத் தையல்’. நீளம்தான், ஆனால் புரியும்.

முகத்தாடை அறுவை மருத்துவர்:
சரி. ஓ.பி. இருக்கிறது, இதோடு விடுங்கள்.

தமிழாசிரியர்:
எனக்கு ஒப்புதல் இல்லை, கச்சையே பொருத்தம். அதுதான் என்றாலும் ‘இறுக்கு தையல்’ என்று ஒற்று இல்லாமல் அச்சிடுங்கள். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, வலி மிகாது.

அகராதிக்காரர்:
இறுக்கு இங்கே பெயர், ஐயா. மிகும்.

தமிழாசிரியர்:
எந்த நூற்பாவின்படி?